ஜன்னல் அடைத்த வீடு

ஜூன் 5, திங்கள்

சாரல் கட்டிவிட்டது. காலையிலேயே மலை தெரியவில்லை. தென்காசிக்காரன் ஒவ்வொருவனும் வருஷம் முழுக்க இந்தக் காற்றுக்காகத்தான் காத்துக் கிடக்கிறான். வெளியூர்க்காரன் வேன் பிடித்துக்கொண்டு குற்றாலத்துக்கு வருகிறான். நான் உலகம்மாளின் பழைய நூல்சேலை ஒன்றைக் கிழித்து ஜன்னல் இடுக்குகளில் திணித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, ஊரே காத்து வாங்குது, நீங்க அடைக்கீய?" என்றார். அவருக்கும் காரணம் தெரியும். கேட்பதில் ஒரு சந்தோஷம்.

என் வீட்டுக்காரி உலகம்மாளுக்கு வலது கன்னத்தில் நரம்பு வலி. காற்றுப் பட்டால் வலி, தண்ணீர் பட்டால் வலி, மென்றால் வலி, பல் தேய்த்தால் வலி. எல்லாவற்றுக்கும் மேலே, பேசினால் வலி. முதல் தடவை வந்தபோது, "கரண்ட் அடிக்க மாதிரி இருக்குங்க" என்றாள். நான் முப்பது வருஷமாக எலக்ட்ரிக் கடை வைத்திருப்பவன். ஷாக் வாங்காத விரல் என் கையில் கிடையாது. "அது எனக்குத் தெரியும் உலகு" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்றைக்கு அதன் பொருள் விளங்கவில்லை. இன்றைக்கும்தான்.

ஃபேன் விற்றுப் பிழைத்தவன் வீட்டில் ஃபேன் ஓடி இரண்டு வருஷம் ஆகிறது. முதுகு முழுக்க வேர்க்குரு. சட்டையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தேறும்.

இந்த டைரி ஒயர் கம்பெனி ஏஜெண்ட் கொடுத்தது. இதுவரை கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி மட்டும்தான் இதில் இருக்கிறது. வீட்டில் பேச்சு இல்லாததால் இனி இதில் கொஞ்சம் பேசிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

ஜூன் 6, செவ்வாய்

காலை: கேப்பைக் கூழ். மதியம்: பருப்புச் சோறு, மிக்ஸியில் ஓர் அடி. இரவு: ரசத்தில் கரைத்த இட்லி. நானும் அதையேதான் சாப்பிடுகிறேன். அவள் எதிரில் முறுக்குக் கடிக்க மனசு வரவில்லை. பல் இருந்தும் பொக்கை வாழ்க்கை.

இப்போது கடையைப் பார்த்துக்கொள்கிற தம்பி சிதம்பரம் போன் போட்டான். பெங்களூரிலிருந்து மகள் போட்டாள். "அம்மா எப்படி இருக்கா?" இருவருக்கும் அது ஒன்றுதான் கேள்வி. பரவாயில்லை என்றேன்.

ஜூன் 8, வியாழன்

வியாழக்கிழமை என்றால் கண்டக்டர் வருவார்.

குத்தாலிங்கம் என்று பெயர். மேலகரத்துக்காரர். மதுரை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அவருக்கும் இதே வலி, இடது கன்னம். ஊர்ப் பெயரைக் கூவ முடியாமல் போனதால் டெப்போவில் உட்கார்ந்த வேலை கொடுத்திருக்கிறார்கள். திருநெல்வேலி டாக்டர் வீட்டு வராந்தாவில் போன மாசி மாதம் பார்த்தோம். மப்ளரால் முகத்தைச் சுற்றிக்கொண்டு மூலையில் இருந்தார். இவள் சேலைத் தலைப்பால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு இந்த மூலையில் இருந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார், இவளும் காட்டினாள். காணாமல் போன அண்ணன் தங்கை கல்யாண வீட்டில் சந்தித்துக்கொண்ட மாதிரி இருவருக்கும் அப்படி ஒரு சிரிப்பு.

அன்றிலிருந்து வார லீவுக்கு இங்கே ஆஜர். இவள் தரையில் சாக்பீஸால் ஆடுபுலிக் கட்டம் போட்டு வைத்திருப்பாள். பள்ளிக்கூட டீச்சராக இருந்தவள், கோடு நூல் பிடித்த மாதிரி இருக்கும். புளியங்கொட்டை ஆடு, கூழாங்கல் புலி. இரண்டு பேரும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு விளையாடுவார்கள். எப்போதாவது ஒரு வார்த்தை. எப்போதாவது ஒரு சிரிப்பு. சிரித்தால் சுரீர் என்று இழுக்கும் என்று தெரிந்தே சிரிக்கிறாள்.

நான் அடுப்படியில் இருவருக்கும் சேர்த்துக் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தேன். என்னை யாரும் ஆட்டத்துக்குக் கூப்பிடவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை, எனக்கு வேலை கிடக்கிறது.

ஜூன் 10, சனி

குழந்தைக்கு மருந்து புகட்டும் பாலாடையால் இடது கடைவாயில் விட்டால் கூழ் வலிக்காமல் இறங்குகிறதாம். கண்டக்டர் சொன்ன யோசனை. நான் இரண்டு வருஷமாக ஸ்பூனால் ஊட்டியவன். அலமாரியிலிருந்து மகளின் வெள்ளிப் பாலாடையை அவளே தேடி எடுத்து வைத்திருக்கிறாள். நன்றாகத்தான் இறங்குகிறது.

ஜூன் 13, செவ்வாய்

டம்ளர் விஷயம் எழுத விட்டுப்போயிற்று. அது என் கண்டுபிடிப்பு. கட்டில் பக்கத்தில் எவர்சில்வர் டம்ளரும் ஒரு ஸ்பூனும். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு தட்டு என்றால் இல்லை. பேச வேண்டியதில்லை. எழுதிக் காட்டலாமே என்று கேட்பார்கள். மாத்திரை போட்டால் அவளுக்கு எழுத்து எல்லாம் இரட்டையாகத் தெரிகிறது, போனையே தொடுவதில்லை.

ஆனால் டம்ளர் சத்தத்தை வைத்து வலியின் அளவைக் கண்டுபிடிக்க முடியாது. குரலில் தெரிந்துவிடும். லைனில் கரண்ட் வருகிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்த்தால்தானே எலக்ட்ரீஷியனுக்கு நிம்மதி. அதனால் காலையில் எழுந்ததும், சாப்பிட்டதும், மாத்திரை போட்டதும், பக்கத்தில் போய், "எப்படி இருக்கு உலகு? வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லு" என்பேன். "பரவால்ல" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 15, வியாழன்

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

கூழை ஆற்றி எடுத்துக்கொண்டு வாசல் அறைக்குப் போனேன். கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கும்போது அவள் குரல் கேட்டது. நாக்கு மட்டும் அசைகிற, உதடு அசையாத குரல். "நேத்து செத்துரலாம்னு இருந்துச்சு."

கண்டக்டர், "எனக்கும்" என்றார். அவ்வளவுதான். அப்புறம் கல்லை நகர்த்தும் சத்தம் கேட்டது.

நேற்று நான் கேட்டேன். நான்கு தடவையாவது கேட்டிருப்பேன். பரவால்ல, பரவால்ல, பரவால்ல.

கூழை வைத்துவிட்டு வந்துவிட்டேன். கொஞ்சம் தரையில் சிந்தியது. அதைத் துடைத்தேன். அவளைக் குளிப்பாட்டுவது நான், தலை சீவுவது நான், பல்லுக்குப் பஞ்சு வைத்துத் துடைப்பது நான். எனக்குப் பரவால்ல. வாரத்தில் ஒரு நாள் மப்ளரோடு வந்து போகிற மனுஷனுக்கு உண்மை.

பொறாமை என்று யாராவது சொன்னால் பல்லைத் தட்டுவேன். அறுபதை நெருங்குகிறேன். நியாயத்தைத்தான் சொல்கிறேன்.

ஜூன் 16, வெள்ளி

சிலிண்டர் மாற்றினேன்.

ஜூன் 19, திங்கள்

அவள் சித்தி வந்திருந்தாள். கட்டிலில் உட்கார்ந்து, "புண்ணியம் பண்ணிருக்கட்டி, இப்படி ஒரு புருசன் அமைஞ்சதுக்கு" என்று கண்ணைத் துடைத்தாள். உலகம்மாள் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலில் பெரிய ஒப்புதல் தெரியவில்லை. சித்தி போகும்போது என்னிடம், "அவளுக்கு ஒரு சுக்கு பத்து போட்டுப் பாரேன்" என்றாள். எனக்கு நேற்றிலிருந்து இடுப்பு பிடித்திருக்கிறது. அதற்கு ஒரு பத்து யாரும் சொல்லவில்லை.

ஜூன் 22, வியாழன்

முடித்துவிட்டேன்.

இன்றும் ஒரு மணி நேரம் ஆட்டம். இவள் இரண்டு தடவை சிரித்தாள். இரண்டாம் தடவை வலி இழுத்து, கன்னத்தை அழுத்திக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. என்ன ஆயிற்று என்றுகூட ஒரு வார்த்தை இல்லை. தானும் சுவரில் சாய்ந்துகொண்டு சும்மா இருந்தார். இதுவா மனுஷத்தனம்?

அவர் கிளம்பும்போது தெருமுனை வரை கூடவே போனேன். நல்ல காற்று. மப்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அண்ணாச்சி, ஒண்ணும் நெனைச்சுக்கிடாதீய. டாக்டரு அவளப் பேசவே கூடாதுன்னுட்டாரு. கொஞ்ச நாளைக்கு நீங்க வராண்டாம்" என்றேன்.

டாக்டர் சொல்லாவிட்டாலும் சொல்லக்கூடியதுதான்.

அவர் ஏதோ பதில் சொல்ல வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு காற்று அடித்தது. முகம் ஒருபக்கமாகக் கோணிக்கொண்டது. கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். சண்டை போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அவள் நல்லதுக்குத்தான். பேச்சு குறைந்தால் வலி குறையும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

ஜூன் 29, வியாழன்

காலையிலேயே கட்டம் போட்டுவிட்டாள். புளியங்கொட்டைகளைத் துடைத்து வைத்தாள். எனக்குத் தெரியாமல் தலையைக்கூடச் சீவியிருக்கிறாள், பின்னல் கோணலாக இருந்தது. வாசல் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மதியம் ஆயிற்று. "வரலை போல. டூட்டி இருக்கும்" என்றேன். அவள் கதவைத்தான் பார்த்தாள்.

"நான் வேணா வாரேன்" என்று எதிரில் உட்கார்ந்தேன். ஆடு எனக்கு, புலி அவளுக்கு. ஒவ்வொரு காய் நகர்த்தும்போதும், "வலிக்கா? போதுமா? முடியுதா?" என்று கேட்டுக்கொண்டே விளையாடினேன். அவளுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று ஆடுகளை வரிசையாகப் புலி வாயில் கொடுத்தேன். பாதி ஆட்டத்தில் உள்ளங்கையால் கட்டத்தை அழித்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஜூலை 2, ஞாயிறு

"எப்படி இருக்கு உலகு?"

ஒரு தட்டு.

"ஒரு தட்டுன்னா என்ன அர்த்தம்? ஆமான்னா? எதுக்கு ஆமா?"

ஒரு தட்டு.

ஜூலை 6, வியாழன்

இன்றும் கட்டம் போட்டாள். சாயங்காலம் வரை அழிக்கவில்லை. நான் அதைத் தாண்டித் தாண்டி நடந்தேன்.

வாரம் முழுக்க ஒரு வார்த்தை கிடையாது. பரவால்லகூட இல்லை. டம்ளர்தான். என் திட்டப்படி பேச்சு குறைந்தால் வலி குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. கூழை நான்கு பாலாடையோடு நிறுத்திவிடுகிறாள். ரவிக்கை கை தொளதொளவென்று இருக்கிறது. மாத்திரையைக் கொடுத்தால் போடுகிறாள், கொடுக்காவிட்டால் கேட்பதில்லை. அவள் பாட்டுக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் நான் எதைப் பிடித்து நிற்பது? எனக்குப் பயமாக இருக்கிறது.

மகள் போனில், "அம்மா எப்படி இருக்கா?" என்றாள். டம்ளரைத்தான் கேட்க வேண்டும் என்று வாய் வரை வந்தது.

ஜூலை 10, திங்கள்

கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, கண்டக்டரைப் பார்க்க மேலகரம் போனேன். பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டுத்தான் போனேன்.

கண்டக்டர் டூட்டிக்குப் போயிருந்தார். திங்கட்கிழமை இருக்க மாட்டார் என்று எனக்கு முன்னாலேயே தோன்றியிருக்கலாம், தோன்றவில்லை. அவர் சம்சாரம் சண்முகக்கனி வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் யாரென்று சொன்னேன். மேலும் கீழும் பார்த்தாள்.

"அண்ணாச்சி, சாப்பிட்டீயளா?"

சாப்பிட்டேனா என்று யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது. "உள்ள வாங்க, காத்தாட உக்காருங்க" என்றாள். உள்ளே ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"அவுக டூட்டிக்குப் போனதும் போட்டுருவேன். வாரதுக்கு முன்ன அமத்திருவேன். அவுக இருக்கையில எறும்பு மூச்சு விட்டாக்கூட ஆகாது" என்றாள்.

ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி. உட்கார்ந்தேன். சட்டைக்குள்ளே காற்று புகுந்து முதுகெல்லாம் ஓடியது. காபியும், ஒரு தட்டில் தட்டையும் வைத்தாள். கடித்தேன். கடக் என்று சத்தம். அப்புறம் என்ன பேசினேன் என்று தெரியவில்லை, பேசிக்கொண்டே இருந்தேன். வேர்க்குரு, இடுப்பு, மிக்ஸி, சித்தி, எல்லாம்.

ஃபேன் ரெக்கையில் நிறையத் தூசி. கண்ணில் விழுந்துவிட்டது. துண்டை எடுத்துக் கொஞ்ச நேரம் துடைக்க வேண்டியிருந்தது.

எதற்காகப் போனேனோ அதைச் சொல்லாமலேயே வந்துவிட்டேன். ரெகுலேட்டர் சரியில்லை, ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும்.

ஜூலை 17, திங்கள்

மேலகரம். ரெகுலேட்டர்.

சண்முகக்கனி மனசில் உள்ளதை அப்படியே வைக்கிறவள். "ஒங்க வீட்டுக்குப் போயிட்டு வந்தா அவுக மூஞ்சில ஒரு களை இருக்கும் அண்ணாச்சி. எனக்குப் பத்திக்கிட்டு வரும். இருவத்தஞ்சு வருசமா கூட இருக்கேன், எனக்குத் தலையாட்டுதான். என்னத்தத்தான் ரெண்டு பேரும் பேசுவாகன்னு நெனைச்சு நெனைச்சு எனக்குச் சோறு எறங்காது. டாக்டரு சொல்லி நீங்க வராண்டாம்னுட்டீயன்னதும் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் ஒடைச்சேன்" என்றாள்.

"பெறவு?"

"பெறவு என்ன? இப்ப அந்தத் தலையாட்டும் இல்ல. டூட்டி விட்டு வந்தா செவுத்தப் பாத்துப் படுத்துக்கிடுதாக."

அவள் உரித்த வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுச் சுவரும் அப்படித்தான் இருக்கிறது என்று சொன்னேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. சும்மா இருந்தது நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது உலகம்மாள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். அருகில் போனேன். என் சட்டைத் தோளில் கையை வைத்துப் பார்த்தாள். அப்புறம் காய்ந்திருந்த முதுகில். கையை எடுத்துக்கொண்டாள்.

"கடையில ஃபேனுக்கு அடியில இருந்தேன்" என்றேன்.

இரண்டு தட்டு.

ஜூலை 18, செவ்வாய்

நான் ஒரு தப்பும் செய்யவில்லை. வாசல் கதவு திறந்துதான் இருக்கும். தெருவே பார்க்கும். மனசில் உள்ளதைச் சொல்ல ஓர் இடம் கிடைத்தது, அவ்வளவுதான். சண்முகக்கனிக்கும் அதே பாடு, அதனால் விளக்க வேண்டியதில்லை. பாதி சொன்னாலே புரிந்துகொள்கிறாள். அங்கே போய் வந்தால் இங்கே இரண்டு நாள் கோபம் வராமல் கூழ் காய்ச்ச முடிகிறது.

எழுதியதைத் திரும்பப் படித்தேன். கண்டக்டர் விஷயத்தில் உலகம்மாளும் இதையேதான் சொல்லியிருப்பாள். பேனாவை வைத்துவிட்டுப் போய் வாசல் அறையில் நின்றேன். போன வாரம் போட்ட கட்டம் இன்னும் லேசாகத் தெரிகிறது.

ஜூலை 24, திங்கள்

மேலகரம் போய், வாசலிலேயே நின்று சொல்லிவிட்டேன். டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். வியாழக்கிழமை அண்ணாச்சியை அனுப்பி வைக்க வேண்டும்.

சண்முகக்கனி வெங்காயக் கத்தியைக் கீழே வைத்தாள். "நீங்களா சொன்னீய?" என்றாள். பிறகு, "அனுப்புதேன். ஆனா தனியா அனுப்ப மாட்டேன், நானும் வருவேன்" என்றாள். காபிக்குக் கூப்பிட்டாள். வேண்டாம் என்றேன். சட்டை நனைந்தே வீட்டுக்கு வந்தேன்.

ஜூலை 27, வியாழன்

வந்தார்கள்.

கதவு திறந்த சத்தத்தில் உலகம்மாள் திரும்பினாள். மப்ளரைப் பார்த்ததும் சாக்பீஸைத் தேடினாள். இருவரும் ஒன்றும் பேசவில்லை. உட்கார்ந்தார்கள், கட்டம் போட்டார்கள், ஆடினார்கள். சண்முகக்கனி கொஞ்ச நேரம் வாய் பார்த்துக்கொண்டிருந்தாள். "இம்புட்டுதானா? அண்ணாச்சி வராண்டாம்னதுக்கு நான் தேங்காய் ஒடைச்சது இதுக்கா?" என்றாள். கண்டக்டர் சிரித்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் உலகம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அக்கா, அண்ணாச்சியப் பத்திரமாப் பாத்துக்கிடுங்க. பாவம், நம்ம வீட்டுக்கு வந்தன்னைக்கு ஃபேனுக்கு அடியில உக்காந்து, தட்டையக் கடிச்சுக்கிட்டே என்னமா அழுதாக" என்றாள்.

ஆடுபுலிக் கட்டத்தில் ஒரு கூழாங்கல் பாதி வழியில் நின்றது. கண்டக்டர் என்னைப் பார்த்தார். உலகம்மாள் என்னைப் பார்க்கவில்லை. நான் கூழ் அடிப்பிடிக்கிறது என்று உள்ளே போனேன். அடுப்பையே பற்ற வைக்கவில்லை.

அவர்கள் போனதும் நான் டம்ளரை எடுத்துக் கட்டிலருகே வைத்தேன். அவள் அதைக் கையால் தள்ளிவிட்டாள். அறை முழுக்க உருண்டு கதவில் முட்டி நின்றது. பிறகு பேசினாள். வலது கன்னத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நடுநடுவே வலி வெட்ட வெட்ட நிறுத்தி, கண்ணை இறுக மூடித் திறந்து, மறுபடி விட்ட இடத்திலிருந்து பேசினாள். இரண்டு வருஷத்தில் அவ்வளவு பேச்சை நான் கேட்டதில்லை.

"அங்க போயி அழுதீயளாக்கும். ஃபேனுக்கு அடியில உக்காந்து. சட்டை காஞ்சு வந்தன்னைக்கே எனக்குத் தெரியும். எங்கிட்ட ஒரு நாளு அழுதீயளா? எங்கிட்ட என்ன பேசுதீய? வலிக்கா, எப்படி இருக்கு, வாயத் தொற. காலைல கேக்கீய. மத்தியானம் கேக்கீய. பதில் சொல்லாட்டா மூஞ்சி தொங்கிப்போவுது. அந்த மூஞ்சியப் பாக்க முடியாமத்தான் பரவால்ல, பரவால்லன்னு சொல்லித் தொலைக்கேன். ஒவ்வொரு பரவால்லைக்கும் எனக்கு வெட்டுது. தெரியுமா? ஒங்களுக்குப் பதில் சொல்லியே எனக்கு வாய் தீந்துபோவுது. பெறவு நான் என்னத்தப் பேச?"

"அந்த மனுசன் ஒண்ணும் கேக்க மாட்டாரு. அதான் சொன்னேன். அவரையும் வராண்டாம்னுட்டீய."

நான் வாயைத் திறந்தேன். வழக்கம்போல் வரப்போனது 'வலிக்கா' என்பதுதான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கடைல இருந்து வந்தா முன்னால எம்புட்டு கதை சொல்லுவீய. சீலிங் ஃபேனத் தலைகீழா மாட்டுனவன், வயரக் கடிச்ச பெருச்சாளி... இப்ப அதெல்லாம் அவளுக்கு. எனக்கு நோயாளிக்கிட்டக் கேக்குற கேள்வி."

அத்துடன் முடியவில்லை. "தட்டை வேற தின்னீயளாம்" என்றாள். அப்புறம்தான் படுத்தாள். கன்னம் துடிப்பது தெரிந்தது. கண்ணீர் காதுக்குள் இறங்கியது. அத்தனை வெட்டையும் அவள் எனக்காக வாங்கியிருக்கிறாள். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. என்மேல் அவளுக்கு எரிச்சல் வந்திருக்கிறது. மேலகரத்துக்காரி மேலும் வந்திருக்கிறது.

ஜூலை 28, வெள்ளி

கேட்கவில்லை.

ஜூலை 29, சனி

இன்றும் கேட்கவில்லை. காலையில் கட்டிலருகே போனபோது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன். நேற்று முன்தினம் பேசியதற்கு இரண்டு நாளாகப் படுகிறாள். நான் அருகில் சுவரில் சாய்ந்து சும்மா இருந்தேன். சும்மா இருப்பதைப்போலக் கஷ்டமான வேலையை நான் பார்த்ததில்லை. கண்டக்டரை இதற்காக மனுஷத்தனம் இல்லாதவர் என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை, இருக்கட்டும்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

கடைக்கு உண்மையாகவே போய்வந்தேன். சிதம்பரத்திடம் ஒருவன் டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து, காற்று பின்பக்கமாக வருகிறது என்று சண்டை போட்டான். பார்த்தால் ஃபேனையே திருப்பி வைத்திருக்கிறான். கம்பி வலையை முன்பின் மாற்றி மாட்டிவிட்டு, எது முகம் எது முதுகு என்று அவனுக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கூழைப் பாலாடையில் விட்டுக்கொண்டே சொன்னேன். உலகம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் சிரித்துவிட்டாள். சுரீர் என்று இழுத்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை, பாலாடையைக் கையில் பிடித்தபடி காத்திருந்தேன். வலி விட்டதும் வாயைத் திறந்தாள். கிண்ணம் காலியாகிற வரை குடித்தாள்.

ஆகஸ்ட் 3, வியாழன்

காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது. அவர்கள் இரண்டு பேரும் வந்து போனார்கள். சண்முகக்கனி தட்டை கொண்டுவந்திருந்தாள். உலகம்மாள் அந்தப் பொட்டலத்தை வாங்கி அலமாரியில் எட்டாத உயரத்தில் வைத்தாள். நான் பார்க்கும்படியாகத்தான் வைத்தாள்.

சாயங்காலம் ஜன்னல் துணிகளைச் சரிசெய்துவிட்டு, குனிந்து நிமிர முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். சட்டை ஈரம். அவள் என் முதுகில் கை வைத்துப் பார்த்தாள். வேர்க்குரு மேல் விரல் பட்டது. கன்னத்தில் கையை அழுத்திக்கொண்டாள்.

"ஒங்களுக்கு எப்படி இருக்கு?" என்றாள்.

"பரவாயில்ல" என்றேன்.

டம்ளரை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினாள். அதன் பிறகுதான் நான் சொல்ல ஆரம்பித்தேன்.